ரிவால்வரா, ரைஃபிளா, பிஸ்டலா: தில்லியில் ஒரு முதல் துப்பாக்கி

மயூர் விஹாரில் இருக்கும் என் மச்சினன் ஒரு ராத்திரி போன் செய்து, "அத்தான், ஒரு ரிவால்வர் வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லதுன்னு சொல்லுங்க" என்றான். அவன் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிப் பூட்டை உடைத்திருக்கிறார்கள். அதே வாரம் அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர், தன் 13 வயதுப் பையனுக்கு ஒலிம்பிக்ஸில் பிஸ்டல் சுட்டுப் பதக்கம் வாங்கிய மனு பாக்கர் கையில் இருந்த மாதிரி ஒன்று எங்கே கிடைக்கும் என்று கேட்டார். இருவருக்கும் வேண்டியது வேறு வேறு. ஆனால் நான் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான்: வாரத்துக்கு எத்தனை தடவை சுடுவீர்கள்?

இருவருமே கொஞ்சம் முழித்தார்கள்.

என்னைத் துப்பாக்கி ஆள் என்று நினைத்துக் கேட்கிறார்கள். நான் 42 வயதில், டாக்டர் "ஏதாவது ஒரு விளையாட்டு" என்று சொன்னதற்காக துக்ளகாபாத் டாக்டர் கர்ணி சிங் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தவன். பதக்கம் எதுவும் கிடையாது. ஆனால் தப்பான துப்பாக்கியை ஒருமுறை வாங்கியிருக்கிறேன், சரியான துப்பாக்கியை ஒருமுறை வாங்கியிருக்கிறேன். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

முதலில் மச்சினனின் ரிவால்வர். நம் ஊரில் சாதாரண ஆளுக்கு உரிமத்தில் கிடைக்கக்கூடியது பெரும்பாலும் .32 ரிவால்வர் அல்லது பிஸ்டல். 9 மி.மீ. எல்லாம் தடை செய்யப்பட்ட 'போர்' (bore, குழலின் துளை அளவு), கேட்டாலும் கிடைக்காது. அரசு ஆலைகளே .32 செய்கின்றன. 2014-இல் கான்பூர் ஆலை 'நிர்பீக்' என்ற ஒன்றைப் பெண்களுக்கென்று சொல்லி வெளியிட்டது. அரை கிலோ எடை, ஒன்றேகால் லட்சத்தை ஒட்டி விலை. பத்திரிகைகளில் பரபரப்பாக எழுதினார்கள். எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். எடை குறையக் குறைய, சுடும்போது கையில் விழும் உதை கூடும். கையே பழகாதவருக்கு லேசான ரிவால்வர் எப்படி வசதியாகும்?

அது கிடக்கட்டும். உரிமம் வாங்கும் வழியைப் பாருங்கள். 1959 ஆயுதச் சட்டமும் 2016 ஆயுத விதிகளும்தான் அடிப்படை. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர் கொடுப்பதைத் தில்லியில் போலீஸின் உரிமப் பிரிவு கொடுக்கிறது. விண்ணப்பம், மனநலமும் சேர்த்து மருத்துவச் சான்று, பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி எடுத்ததற்குச் சான்று, போலீஸ் விசாரணை, வீட்டில் பூட்டிப் பத்திரமாக வைப்பேன் என்று உறுதிமொழி. இத்தனைக்கும் மேலே, இது ஏன் உங்களுக்கு உண்மையாகவே தேவை என்று காட்ட வேண்டும். பக்கத்துப் பிளாட்டில் பூட்டு உடைந்தது என்பது அதிகாரி முன் எவ்வளவு நிற்கும் என்று எனக்குத் தெரியும், மச்சினனுக்குத் தெரியவில்லை. கிடைத்தாலும் ஆண்டுக்கு இத்தனை தோட்டா என்று உரிமத்திலேயே எழுதியிருக்கும். தேர்தல் வந்தால் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்லிப் பலருக்கு உத்தரவு வரும்.

சரி, எல்லாம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அவன் வீட்டில் எட்டு வயதுப் பெண் இருக்கிறாள். எழுதிக் கொடுத்தபடி ரிவால்வரை ஒரு பெட்டியிலும் தோட்டாவை இன்னொரு பெட்டியிலும் பூட்டி வைத்தால், ராத்திரி இரண்டு மணிக்குத் திருடன் வரும்போது அது உதவாது. பூட்டாமல் தலையணைக்கடியில் வைத்தால், திருடனுக்கு முன்னால் குழந்தை அதைக் கண்டுபிடிக்கும். இந்த முடிச்சை அவிழ்த்த யாரையும் நான் பார்த்ததில்லை. தற்காப்பு உரிமை, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34-ஆம் பிரிவிலிருந்து 44 வரை விரிவாகவே இருக்கிறது. ஆனால் ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டு அந்தப் பிரிவுகளைப் படிக்க ஆரம்பித்தால் கதை வேறு.

வாரத்துக்கு எத்தனை தடவை என்ற என் கேள்விக்கு ரிவால்வரின் பதில், உண்மையில் வருஷத்துக்குப் பத்து, இருபது. அவ்வளவு குறைவாகச் சுடுகிறவர் கையில், பயத்தில் நடுங்கும் நேரத்தில் அது எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அதனால் முதல் துப்பாக்கி என்ற இடத்தில் ரிவால்வருக்கு என் ஓட்டு இல்லை. நல்ல பூட்டு, வாசலில் ஒரு கேமரா, இரும்புக் கதவு. "இதுக்கா உங்களுக்கு போன் பண்ணினேன்?" என்றான்.

அடுத்தது 12 போர் ஷாட்கன், சின்னத் தோட்டா போடும் .22 இரண்டும். விளையாட்டாகவே பார்த்தாலும் இரண்டுக்கும் உரிமம் வேண்டும். 12 போரில் பறக்கும் களிமண் தட்டைச் சுடும் ட்ராப், ஸ்கீட் இரண்டும் கண்ணுக்கு விருந்து. நம் புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்து பிருத்விராஜ், 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் வரை ட்ராப்பில் போயிருக்கிறார். ரேஞ்சின் பெயருக்கு உரிய பீகானேர் மகாராஜா கர்ணி சிங்கும் ட்ராப் ஆள்தான். 1960-இலிருந்து 1980-க்குள் ஐந்து ஒலிம்பிக்ஸ் பார்த்தவர். பெயர்களைப் பார்த்தாலே புரியும், இது வசதியுள்ளவர்களிடம் வளர்ந்த விளையாட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தோட்டா, ஒவ்வொரு தோட்டாவுக்கும் காசு. ஒருமுறை போய் நின்று பாருங்கள். அதில் தொடங்காதீர்கள். .22 அருமையான துப்பாக்கி. ஆனால் காற்றழுத்தத்தில் சுடும் ஏர்கன்னில், 10 மீட்டரில் கை நிலைபெற்ற பிறகு வருவதே நல்லது. சத்தமும் உதையும் முதல் நாளிலேயே சேர்ந்துகொண்டால், ட்ரிக்கரை அழுத்தும்போது கண்ணை மூடும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிறகு உரிப்பது பெரும் பாடு. இன்னொன்று: விளையாட்டுக்காக உரிமம் கேட்கிறவர் இரண்டு வருஷமாவது ஒரு கிளப்பில் ஈடுபாட்டோடு சுட்டிருக்க வேண்டும் என்பது விதிகளிலேயே இருக்கிறது. ஆக, சட்டமும் உங்களை முதலில் ஏர்கன் பக்கம்தான் தள்ளுகிறது.

ஏர்கன் என்றதும் பலருக்குப் பொருட்காட்சி பலூன் கடை நினைவு வரும். எனக்கும் வந்தது. துளை 4.5 மி.மீ.-க்கு மேற்படாமல், ரவை (சின்ன ஈயக் குண்டு) வெளியேறும் ஆற்றல் 20 ஜூல் (joule) அளவைத் தாண்டாமல் இருந்தால் உரிமம் வேண்டாம். கடையில் அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். இந்த எல்லைக்குள்ளேயே மூன்று விதம் இருக்கிறது: பலூன் கடை வகை ஸ்பிரிங் ரைஃபிள், போட்டிக்கான ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல்.

நான் தப்பாக வாங்கியது முதல் விதம். ரேஞ்சில் சேர்ந்து இரண்டே வாரம், ஆசை தாங்கவில்லை. 14,000 ரூபாய்க்கு ஒரு ஸ்பிரிங் ரைஃபிள், கூடவே கடைக்காரர் தலையில் கட்டிய ஒரு டெலஸ்கோப். குழலை மடக்கி ஸ்பிரிங்கை இழுத்து, சர்ராவைப் போட்டு (இங்கே ரவைக்கு அதுதான் பெயர்) சுட வேண்டும். ட்ரிக்கரை அழுத்தினால் உள்ளே பிஸ்டன் முன்னால் பாயும். துப்பாக்கி முதலில் பின்னால் உதைத்து, பிஸ்டன் முட்டியதும் முன்னால் துள்ளும். ரவை குழலைவிட்டு வெளியேறுவதற்குள் இந்த ஆட்டம் பாதி நடந்துவிடுகிறது. ஆகவே பிடிக்கும் விதம் கொஞ்சம் மாறினாலும் குறி மாறும். இந்த இருபக்க உதறலைத் தாங்குகிற டெலஸ்கோப் வேறு ரகம். எனக்கு விற்றது அந்த ரகம் இல்லை. இரண்டாவது மாதம் உள்ளே குறுக்குக்கோடு சாய்ந்துவிட்டது. கடைக்காரர், "நீங்க கீழே போட்டிருப்பீங்க" என்றார்.

டெலஸ்கோப்பைவிடப் பெரிய சங்கடம், அதை எங்கே சுடுவது என்பது. டி.டி.ஏ. (தில்லி வளர்ச்சி ஆணையம்) கட்டிய பிளாட்டில் நீளமான அறையே 10 மீட்டர் வராது. மொட்டை மாடி என்றால் தவறிய ரவை எதிர் பிளாக் பால்கனிக்குப் போகும். கீழ்வீட்டு மாமா ஒருவர், குரங்கு விரட்ட அதைக் கடன் கேட்டார். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இலிருந்து இருக்கிறது மாமா என்று சொல்லித் தப்பித்தேன். புறாவும் குரங்கும் குறி ஆவதற்காகத்தான் இந்த வகை பாதி விற்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். வேலூர்ப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் ஆளுக்கு, பின்னால் மண்மேடு கட்டித் தகரத்தைச் சுட இது சரியாக இருக்கலாம். தில்லி பிளாட்காரருக்கு அலமாரிக்கு மேலேதான் இடம். என்னுடையது இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

ஆக, உண்மையான போட்டி ஏர் ரைஃபிளுக்கும் ஏர் பிஸ்டலுக்கும். இரண்டிலும் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கும். உதை கிட்டத்தட்ட இல்லை. இரண்டுக்கும் 10 மீட்டர், ஒரே 4.5 மி.மீ. தட்டைத்தலை ரவை. போட்டியில் 60 ரவை, ஒன்றேகால் மணி நேரம். பார்க்க அண்ணன் தம்பி போல இருந்தாலும் குணம் வேறு.

ரைஃபிள் எலும்பால் சுடுகிற துப்பாக்கி. ஐந்தரை கிலோ வரை எடை போகலாம். அதைத் தசையால் தாங்கினால் பத்தே நிமிடத்தில் கை ஆடும். இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, முதுகைக் கொஞ்சம் வளைத்து, எடையை அப்படியே பாதத்துக்கு இறக்கிவிட வேண்டும். தடித்த கான்வாஸ் ஜாக்கெட், பேண்ட், தட்டையான காலணி, கையுறை எல்லாம் அதற்காகத்தான். குறிபார்க்கச் சின்னத் துளை. துளைக்குள் வளையம், வளையத்துக்குள் கறுப்பு வட்டம். நடுவில் இருக்கும் பத்து, அதாவது பத்து மதிப்பெண் தரும் இடம், எவ்வளவு பெரியது என்கிறீர்கள்? அரை மி.மீ. பேனா முள் வைத்த புள்ளி. நம்ப முடியாத கஷ்டம் என்று தோன்றும். ஆனால் நிற்கும் விதம் அமைந்துவிட்டால் ஒரு மாதத்திலேயே ரவைகள் ஒரே இடத்தில் கூடத் தொடங்கும். புதிதாக வருகிறவருக்கு ரைஃபிள் சீக்கிரமே பரிசு கொடுத்துவிடுகிறது. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவனின் துப்பாக்கி இதுதான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும் இதில்தான்.

பிஸ்டல் அப்படிக் கருணை காட்டாது. ஒரே கை, நீட்டிய கை, ஒரு கிலோ எடை. இன்னொரு கை பேண்ட் பையில். பத்தின் விட்டம் 11.5 மி.மீ., ரைஃபிளோடு ஒப்பிட்டால் வாசல் கதவு மாதிரி. அப்படியும் முதல் இரண்டு மாதம் ஆறு, ஏழு, நடுவில் ஒரு நான்கு. கை ஆடுவது காரணம் என்று எல்லோரும் நினைப்போம். கோச் சார் என்னை ஒரு வாரம் ரவை இல்லாமல் வெள்ளைச் சுவரைப் பார்த்து ட்ரிக்கர் அழுத்த வைத்தார். அப்போதுதான் தெரிந்தது, கை ஆடுவது பெரிய குற்றம் இல்லை, பத்து வந்தது போலத் தெரிந்ததும் வெடுக்கென்று இழுப்பதுதான் குற்றம். பிஸ்டல் ட்ரிக்கருக்குக் குறைந்தது 500 கிராம் அழுத்தம் வேண்டும் என்று விதி. ரைஃபிளுக்கு அப்படி இல்லை, மூச்சு பட்டால் போதும் என்கிற அளவுக்கு லேசாக வைத்துக்கொள்ளலாம். அந்த 500 கிராமில்தான் மொத்தப் பிஸ்டல் படிப்பும் இருக்கிறது.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு தனிச் செய்தி. 40 தாண்டினால் வெள்ளெழுத்து வரும். பிஸ்டலில் முன்குறி (குழல் நுனியில் இருக்கும் குறி) தெளிவாகவும் இலக்கு மங்கலாகவும் தெரிய வேண்டும். முன்குறி இருக்கும் தூரம் வெள்ளெழுத்துக் கண்ணுக்கு ரெண்டுங்கெட்டான் இடம். படிக்கும் கண்ணாடியும் சரிப்படாது, தூரக் கண்ணாடியும் சரிப்படாது. அந்தத் தூரத்தை அளந்து சொல்லித் தனியாக லென்ஸ் போட வேண்டியிருந்தது. ரைஃபிளில் சின்னத் துளை வழியாகப் பார்ப்பதால் தூரமும் கிட்டமும் ஓரளவு சேர்ந்தே தெளிவாகும். கண்ணை மட்டும் வைத்துத் தீர்மானிப்பதாக இருந்தால் நான் ரைஃபிள்தான் எடுத்திருக்க வேண்டும்.

எடுக்கவில்லை. காரணம் தில்லி ஜூன். அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கரண்ட் போன பயிற்சிக் கூடத்தில் ஒரு மணி நேரம் நின்ற அன்று என் உடம்பே எனக்குப் பதில் சொல்லிவிட்டது. இரண்டாவது காரணம் பெட்டி. ரைஃபிள் பெட்டி ஒரு மீட்டருக்கு மேல் நீளம், ஸ்கூட்டரில் முடியாத காரியம். பிஸ்டல் பெட்டி மடிக்கணினிப் பையளவு. மெட்ரோ சோதனையில் இரண்டுமே நகராது என்பதால் மெட்ரோவை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். மூன்றாவது, வீட்டுப் பயிற்சி. பிஸ்டலைக் காலியாக வைத்துக்கொண்டு சுவர் முன்னால் பதினைந்து நிமிடம் நின்றால் அது பயிற்சி. ரைஃபிளுக்கு முழு வேஷமும் போட்டாக வேண்டும்.

இனிப் பணம். போட்டித் தரத்தில் ஸ்டையர், மொரினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ் என்று எதை எடுத்தாலும் புதிதாக ஒன்றரை, இரண்டு லட்சத்தில் ஆரம்பிக்கும். ரைஃபிள் அதற்கு மேல், ஜாக்கெட் வகையறா தனி. வளரும் பிள்ளை என்றால் ஜாக்கெட் இரண்டு வருஷத்தில் சின்னதாகிவிடும். பிஸ்டலில் பிள்ளை வளர்ந்தால் கைப்பிடி மட்டும் மாற்றினால் போதும். ரவை 500 கொண்ட டப்பா, நல்லதாக வாங்கினால் ஆயிரம் ரூபாயை ஒட்டி. வாரம் மூன்று நாள், நாளுக்கு 60 என்றால் டப்பா மூன்று வாரம் வராது. என் கேள்விக்குப் பதில் இங்கேதான் கிடைக்கிறது: வாரத்துக்கு 180 தடவை, தடவைக்கு இரண்டு ரூபாய். ரிவால்வர்காரர் பத்து வருஷத்தில் சுடாததை இவர் இரண்டு வாரத்தில் சுடுகிறார்.

அதற்காக உடனே வாங்கச் சொல்லவில்லை. கிளப் துப்பாக்கியில் மூன்று மாதமாவது சுடுங்கள். பழசாக இருக்கும், கைப்பிடியில் யார் யார் வியர்வையோ இருக்கும், பரவாயில்லை. அந்த மூன்று மாதத்தில் உங்கள் மேலோங்கிய கண் (குறிபார்க்கும்போது தானாக முந்திக்கொள்ளும் கண்) எது என்று தெரியும். வலது கை ஆளுக்கு இடது கண் மேலோங்கினால் ரைஃபிளில் தோளையே மாற்ற வேண்டி வரலாம், பிஸ்டலில் ஒரு கண்மறைப்பு போதும். துப்பாக்கி காலி என்று காட்டும் கொடியைச் செருகாமல் கீழே வைத்தால் கோச் கத்துவார். அந்தக் கத்தலும் மூன்று மாதம் வாங்க வேண்டிய ஒன்றுதான். குழல் எப்போதும் இலக்குப் பக்கம், விரல் ட்ரிக்கருக்கு வெளியே, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவல், ஏனென்றால் ரவை ஈயம். இதெல்லாம் யோசிக்காமல் வர ஆரம்பித்த பிறகு பணத்தை எடுங்கள்.

அப்போதும் பழசு பாருங்கள். சீனியர்கள் மாடல் மாற்றும்போது நல்ல பிஸ்டல்கள் கைமாறும். பில்லும் இறக்குமதிக் காகிதமும் இல்லாமல் தொடாதீர்கள். எலெக்ட்ரானிக் ட்ரிக்கர் சுகமானது, ஆனால் முதல் துப்பாக்கிக்கு மெக்கானிக்கலே போதும் என்பது என் கட்சி. டோக்கியோ ஒலிம்பிக்ஸில் தகுதிச் சுற்று நடுவில் மனு பாக்கரின் பிஸ்டலே பழுதாகி நிமிடங்கள் போயின. அவருக்குப் பக்கத்தில் உதவி இருந்தது. நமக்குச் சனிக்கிழமை சாயங்காலம் ரிப்பேர்க்காரர் போன் எடுக்க மாட்டார்.

மேஜைக்காரரின் பையன் இப்போது ஞாயிறுதோறும் ரேஞ்சுக்கு வருகிறான். அப்பா பிஸ்டல் என்று தீர்மானித்திருந்தார், பையன் ரைஃபிள் வரிசையில் போய் நின்றுகொண்டான். மெலிந்த மணிக்கட்டு, பொறுமையான குணம், ரவை கூடுவதைப் பார்த்துச் சிரிக்கிறான். நான் குறுக்கே பேசவில்லை.

மச்சினன் கோபம் தணிந்து ஒருநாள் வேடிக்கை பார்க்க வந்தான். கிளப் பிஸ்டலில் பத்து ரவை சுட்டான், நான்கு அட்டையிலேயே விழவில்லை. மயில் கத்துகிறது, அதனால்தான் என்றான். நான்கு மாதமாக வந்துகொண்டிருக்கிறான். போன வாரம் மறுபடி போன்.

"அத்தான், ஒரு பழைய ஸ்டையர் வந்திருக்கு. எழுபத்தஞ்சு சொல்றார். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கு."

"சிலிண்டர்ல என்ன தேதி போட்டிருக்கு?"

"அது எங்கே இருக்கும்?"

"மேலேயே பொறிச்சிருக்கும். பத்து வருஷம்தான் ஆயுசு. தாண்டினா போட்டியில விட மாட்டாங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "2014" என்றான்.

"அப்ப ரெண்டு புது சிலிண்டர் காசைக் கழிச்சுட்டுப் பேசு."